கார்த்திகையில் வந்த பூ வாசம்

ஏற்காட்டு மலையில் நாகலூருக்குக் கீழே உள்ள அந்த எஸ்டேட்டில் பூக்காலத்து வேலை தேவசிகாமணியின் மூக்கை நம்பித்தான் நடந்தது. பங்குனி பிறப்பதற்கு முன்னால் காப்பிச் செடிக்கு ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழாவிட்டால் குட்டையில் மோட்டார் வைத்து, மேட்டுக்குக் குழாய் போட்டு, ஸ்பிரிங்ளரில் தண்ணீரை மழைபோல அடிக்க வேண்டும். அது அவருடைய வேலை. ஈரம் பட்டு ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு வெடிக்கும். எஸ்டேட்டின் எந்தப் பகுதிக் காடு வெடித்தது என்று யாரும் மேடேறிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. காலையில் வாசலில் நின்று பல் விளக்கும்போதே சொல்லிவிடுவார். "பலாமரத்துக்காடு தொறந்திருச்சு. ஓடைக்காடு நாளைக்கு." எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அதைக் கேட்டுக்கொண்டுதான் முதலாளிக்குப் போன் போடுவார்.

அதனால் கார்த்திகை மாதத்தில், எல்லோரும் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போகும் ஒரு காலையில், வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவர் "பூத்திருக்குது புள்ள" என்று சொன்னபோது, அவர் மனைவி தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்ததே தவிரச் சந்தேகம் வரவில்லை.

"பழம் பறிக்கிற மாசத்துல பூவுங்களா?"

"எனக்கென்ன தெரியும்? வாசம் வருது. ஓடைக்காட்டுப் பக்கமிருந்து."

அந்த வருஷம் மழையே கோளாறாகத்தான் பெய்தது. வெயில் அடிக்க வேண்டிய நாளில் மழை, மழை பெய்ய வேண்டிய நாளில் வெயில். நாலைந்து செடி பருவம் தெரியாமல் பூத்து வைத்தாலும் வைக்கும். பறிக்கப் போகிற வழிதானே என்று அவள் கண்ணம்மாளையும் கூட்டிக்கொண்டு ஓடைக்காட்டைச் சுற்றிப் போனாள். கண்ணம்மாள் பக்கத்து ஊரான கொட்டச்சேட்டுக்காரி. சொந்தமாகச் சாமைக்காடும் கொஞ்சம் காப்பியும் உண்டு. ஆனாலும் பறிப்புக் காலத்தில் கூலிக்கு வந்துவிடுவாள். வீட்டிலேயே இருந்தால் வாய் புளித்துப் போகும் என்பாள்.

செடிகளில் பழம்தான் இருந்தது. சிவப்பும் பாதிச் சிவப்பும். வெள்ளையாக ஒன்றும் இல்லை.

"ஏனக்கா, அண்ணன் உன்னைய வெரட்டி உட்டுட்டு ஒறங்கலாமுன்னு பாக்கறாரு," என்றாள் கண்ணம்மாள்.

"அவரு மூக்கு தப்பாதுடீ."

"தலையையே தொறந்து பாத்து மூடியிருக்கறாங்க. மூக்கு மட்டும் எடம் மாறாம இருக்குமாக்கும்?"

தேவகுமாரி சிரித்தாள். அந்த மாதிரிப் பேச்சைக் கண்ணம்மாள் ஒருத்திதான் பேசுவாள். மற்றவர்கள் எல்லாம் அவள் எதிரில் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

தலையைத் திறந்தது ஆவணியில். அதற்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு நாள், காப்பிக் களத்தைக் கூட்டிக்கொண்டிருந்த தேவசிகாமணி விளக்குமாற்றோடு சாய்ந்தார். உடம்பு விறைத்து உதறியது. வாயில் நுரை தள்ளியது. ஆளாளுக்கு ஓடிவந்து களத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ரைட்டர் கரண்டி கொண்டுவந்து பல்லுக்கு நடுவே வைக்கப் பார்த்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் வலது பொட்டுக்கு உள்ளே கட்டி இருப்பது தெரிந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கரண்ட் என்கிற கதிர் வைத்தியம் செய்தார்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்து, இனிமேல் சாவியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு வலிப்பு வரவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் ஜெயகுமாரி "ஃபிட்ஸ் வந்துச்சா?" என்று கேட்பார். இரண்டு பேரும் சேர்ந்து "இல்லீங்க" என்பார்கள்.

இப்படியே வலிப்பு இல்லாமல் போனால் தை மாதத்துக்கு மேல் வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவசிகாமணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாதங்களைத் தள்ளினார். ஏறுகிற வேலை வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், சரி. மோட்டார் தரையில்தானே இருக்கிறது?

பறிப்பு முடிந்து அவர்கள் திரும்பியபோது அவர் அதே படியில் உட்கார்ந்திருந்தார். கண் எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருகிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, காம்பு ஒடியாமல் பழத்தை மட்டும் எடுக்கிற அதே திருகல்.

"பாரக்கா, சட்டையில பழம் பறிக்கறாரு," என்றாள் கண்ணம்மாள். "அண்ணா, பச்சக்காயப் பறிச்சுப்போடாதீங்க. மேஸ்திரி வெய்வாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டீங்களா? பூத்திருந்துச்சா?"

"பூவும் இல்ல, பிஞ்சும் இல்லீங்க."

"இருக்கோணுமே," என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. எங்கோ விருந்துக்குப் போய்விட்டு வந்தவர்போல ஒரு நிறைவுதான் இருந்தது.

வாசம் அதற்கப்புறமும் வந்தது. களி கிண்டும்போது வந்தது. ஞாயிறு ஆராதனையில் வந்தது. அவர் சொல்வார், அவள் கேட்டுக்கொள்வாள். முப்பது வருஷம் குழாய்க்கும் செடிக்கும் நடுவில் கிடந்த மனிதர், வேலைக்கு ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கை பட்டனைத் திருகினால் அது பறித்த கை, சும்மா இருக்காது என்று விட்டுவிட்டாள். எஸ்டேட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், பனி இறங்குவதற்கு முன்னால், மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் குட்டைக்குப் போனார். தேவகுமாரி வரக்காப்பியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பின்னால் போனாள். குட்டையின் விளிம்புக் கல்லில் அவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பேனர். இடது கை விறைத்துத் தொடையில் கிடந்தது. வலது கை பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. வாய் எதையோ மென்றது.

"ஏனுங்க."

திரும்பவில்லை.

"ஏனுங்க, காப்பிங்க."

மடியிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கல்லில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கரைக் கொக்கு எழுந்து பறந்தது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்து அடங்கியது.

"எப்ப வந்த?" என்றார் அவர் கடைசியில். "வாசம் பாத்தியா? மொதல்ல வாசந்தான் வந்துச்சு. அப்பறம் என்னமோ..." சுற்றிலும் தடவினார். "இந்த ஸ்பேனரை எங்க வெச்சேன்?"

அவள் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்கே சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் ஃபெபிக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல வாசமாமா? அப்பறம் கூப்பிட்டா திரும்பறதில்லையா?" ஃபெபியின் குரல் மாறிவிட்டது. "அம்மா, அடுத்த தடவை வந்தா போன்ல வீடியோ எடு. பேசிப் பாரு, பேரச் சொல்லிக் கூப்பிடு, எல்லாம் கேக்கற மாதிரி எடு. டாக்டருக்குக் காட்டணும்."

"திருட்டுத்தனமா எடுக்கறதா சாமி?"

"அவருக்குத் தெரியாதப்ப வர்றத அவருகிட்டக் கேட்டுட்டு எப்படிம்மா எடுக்கறது?"

அடுத்த தடவை வந்தபோது எடுத்தாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டிய கை போனைப் பிடித்திருந்தது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. எடுத்ததை அவருக்கே போட்டுக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டப்போறயா?"

"காட்டோணுமுங்க."

"வேண்டாம் புள்ள." அவர் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். குரல் அதனால் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. "கையி திருகறது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது வாசம் மட்டுந்தான். அது நோவு இல்ல. இந்த நோவுல எனக்கு வந்த ஒரே நல்லது அது. சொன்னா மாத்திரையக் கூட்டி அதையும் நிறுத்திப்போடுவாங்க. மோட்டார்கிட்டயும் போகக்கூடாதுன்னுருவாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஒண்ணுமில்ல. இத்தனை நாளு ஒண்ணுமில்லையே."

ஸ்பேனர் எங்கே போனது என்பதை அவள் அப்போதும் சொல்லவில்லை.

செக்கப்புக்குப் போன அன்றைக்கு ஏற்காட்டிலிருந்து பஸ் இறங்கும்போது மலை முழுக்கப் பனி. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். தேவசிகாமணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில், "டாக்டர்கிட்ட நாயம் ஒண்ணும் பேசாம நீ பக்கத்துல உக்காந்திரு. போதும்," என்றார். அவள் மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் ஜெயகுமாரி சின்ன வயது. ஃபெபியைவிடப் பத்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம்.

"எப்படி இருக்கீங்க? ஃபிட்ஸ் வந்துச்சா?"

"இல்லீங்க," என்றார் தேவசிகாமணி.

தேவகுமாரி போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். விரல் தவறியதில் வேறு ஏதோ படம் திறந்துகொண்டது, சபை விழாவில் கேக் வெட்டும் படம். அதைத் தள்ளிவிட்டு வீடியோவை ஓடவிட்டாள். ஏனுங்க, ஏனுங்க என்று அவள் குரலே அறை முழுக்கக் கேட்டது. அவர் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இரண்டு தரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி என்ன வருதுங்கய்யா?"

"வாசமுங்க," என்றாள் தேவகுமாரி. "காப்பிப்பூ வாசம்."

"ஒவ்வொரு தடவையும் அதே வாசமா?"

"ஆமாங்க."

"வாசம் மட்டும் வந்துட்டுப் போறதும் உண்டா? பேசினா பதில் சொல்ற மாதிரி?"

"அது நெறைய தடவைங்க. அப்பெல்லாம் நல்லாப் பேசுவாருங்க. வாசம் வந்து, அப்பறம் கை திருகுனாத்தான் பேச்சு இருக்காது."

டாக்டர் தலையசைத்தார். "ஐயா, உடம்பு உதறினாத்தான் வலிப்புன்னு இல்லைங்க. மூளையில அது எந்த இடத்துல ஆரம்பிக்குதோ, அந்த இடத்தோட வேலைதான் வெளிய தெரியும். உங்க கட்டி இருக்கிறது மணம் தெரியற இடத்துக்குப் பக்கத்துல. அதனால உங்களுக்கு வலிப்பு வாசமா வருது. அந்த நேரத்துல உங்களுக்கு நினைவு இருந்தா அது ஒரு வகை. அது கொஞ்சம் பரவி நினைவு தப்பினா, கை இப்படிச் செய்யும், கூப்பிட்டா கேட்காது. அது இன்னொரு வகை. மூளை முழுக்கப் பரவினா, அன்னைக்குக் களத்துல விழுந்தீங்களே, அது. மூணும் ஒரே நெருப்புதான். அடுப்புல இருக்கா, கூரைக்குப் போச்சாங்கறதுதான் வித்தியாசம்."

"அப்ப நான் மோந்ததெல்லாம் பொய்யா?" என்றார் தேவசிகாமணி. அறைக்குள் வந்து அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது.

டாக்டர் போனைத் தேவகுமாரியிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்க மோந்தது உண்மை. பூ மட்டும்தான் இல்லை."

இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். கட்டியை அது கரைக்காது, வலிப்பைத்தான் அடக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெரிய வலிப்பு வந்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே கொடுத்தார். வாசம் என்று சொன்னால் உடனே கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், ஊர் பேர் கேளுங்கள், ஒரு வார்த்தை சொல்லி வைத்து அப்புறம் திருப்பிக் கேளுங்கள், நினைவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். குட்டைப் பக்கம் போகவே கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மூன்று பேர் சீட்டில் அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தார். மேலே வந்து இறங்கி, கடையில் டீக்கு நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"என் மூக்க அடைச்சுப்போட்டு வந்துட்ட."

"அந்த ஸ்பேனரு தண்ணிக்குள்ள கெடக்குதுங்க," என்றாள் அவள். "உங்க மடியிலிருந்து விழுந்துச்சு. சத்தத்துக்குக் கொக்குப் பறந்துச்சு. உங்களுக்குக் கேக்கல. நான் சட்டையப் புடிச்சுட்டு நின்னேன். தண்ணிக்குள்ள உங்களத் தேடறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

அதற்கப்புறம் சில வாரங்கள் கஷ்டமாக இருந்தது. களியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். கண்ணம்மாள் கொண்டுவந்த அவரைக்காயைப் பார்த்து, "எங்க ஊட்டுல காயில்லைன்னு யாரு சொன்னா?" என்று கத்தினார். கண்ணம்மாள் அசரவில்லை. "அவரைக்காய வெய்யறதுன்னா வெய்யுங்க. அதுக்கு ரோசம் கெடையாது," என்று சொல்லிக் கூடையை இறக்கிவிட்டுப் போனாள். புதிதாகச் சேர்த்த வலிப்பு மாத்திரை சில பேருக்குக் கோபத்தைக் கிளப்பும் என்று ஃபெபி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அதில் மாத்திரையின் கோபம் எவ்வளவு, அவருடைய சொந்தக் கோபம் எவ்வளவு என்று தேவகுமாரியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டாக்டர் அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாற்றினார். கோபம் தணிந்தது. கை திருகுவது நின்றது. வாசம் வருவது அரிதாகி, பிறகு அதுவும் நின்றது.

வாசம் வந்துகொண்டிருந்த நாட்களில் அவள் விடாமல் சோதித்தாள். கையைத் தூக்குங்க, ஊரென்னங்க, இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க. அவள் சொல்கிற வார்த்தையெல்லாம் அன்றன்றைக்குச் சமைத்ததாகவே இருந்தது. களி, ரசம், கொள்ளு, சாமை.

"ஒருநாளைக்காவது கறின்னு சொல்லு புள்ள," என்றார் அவர் ஒரு தரம். குட்டைக்குப் போய் வந்த நாளுக்கப்புறம் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. அவள் அடுப்படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தை மாதத்து ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. இடது கால் இழுக்க ஆரம்பித்தது. "இந்தப் பூவப் பாத்துருவனா?" என்று அவர் ஃபெபியிடம் கேட்டார். தேவகுமாரியிடம் கேட்கவில்லை.

மாசியில் மழை ஏமாற்றியது. அவருக்குப் பதிலாகப் பெருமாள் என்ற பையன் மோட்டார் போட்டான். குட்டைக்கு எட்டாத மேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். அங்கிருந்தபடியே காதால் வேலை பார்த்தார். "பெருமாளு, மூணாவது குழா மூட்டுல ஒழுவுது. சத்தம் கேக்குது பாரு. இன்னங் கொஞ்சம் இறுக்கு." பெருமாள், "மூக்கு போனாலும் காது இருக்குதுங்களே," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் சிரித்தார். மழைபோலத் தண்ணீர் சுழன்று விழுந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயிலில் வானவில் வந்து போனது.

அடுத்த வாரத்தில் தேவகுமாரிக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, சோறு மண்ணாக இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஒரு காலையில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"தேவு. வாசம் வருது."

ஊதுகுழலைப் போட்டுவிட்டு வந்தாள். அலமாரித் தகர டப்பாவில் ஸ்பிரே இருக்கிறதா என்று கை தானாகப் பார்த்துக்கொண்டது.

"கையைத் தூக்குங்க."

வலது கையைத் தூக்கினார். இடது பாதிதான் வந்தது. அது இப்போதெல்லாம் அவ்வளவுதான்.

"எந்த ஊருங்க?"

"நாகலூரு."

"ஒரு வார்த்தை சொல்றேன். தோசை."

காத்திருந்தாள். அவர் கண் அவள்மேலேயே இருந்தது, தெளிவாக. பட்டனைத் தேடவில்லை.

"என்ன வார்த்தை சொன்னேன்?"

"தோசை. கறின்னு நீ சொல்லவே மாட்ட."

ஆனால் அது போதாது என்று அவளுக்குத் தெரியும். நினைவு இருக்கும்போதும் வாசம் வரும். அதுவும் ஒரு வகைதான். டாக்டர் அப்படித்தான் சொன்னார். மாத்திரையையும் மீறி நோவு மறுபடி தலையெடுத்திருக்கலாம். வெளியே மொட்டு வெடித்துமிருக்கலாம்.

"உன் மூக்கு என்ன சொல்லுது?" என்றார்.

"என் மூக்கு அடைச்சுக் கெடக்குதுங்களே."

"அப்பப் போய்ப் பாத்துட்டு வா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லீன்னா இல்லீன்னே சொல்லு. எனக்காகப் பொய் சொல்லிப்போடாத."

கார்த்திகையில் போன அதே வழியில் போனாள். பனி இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஓடைக்காட்டு வேலியைத் தாண்டிக் கையை நீட்டி முதல் செடியின் கொம்பைத் தொட்டாள். விரலில் ஈரமாக, மெத்தென்று, கொத்துக் கொத்தாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். கணுவுக்குக் கணு வெள்ளை. அடுத்த செடியும் வெள்ளை. பனி நகர நகரச் சரிவு முழுக்க வெள்ளை. எங்கோ மேட்டில் தேனீக்களின் இரைச்சல் தொடங்கியிருந்தது.

பூத்த கொம்பை ஒடிக்கிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் யாருக்கும் இல்லை. சாமிக்குக்கூட ஒடிக்க மாட்டார்கள். ஒரு கொத்துப் பூ என்றால் ஒரு கை பழம். பூத்த அன்றைக்குச் செடிக்குள் நடக்கிறவர்கள் சேலையைக்கூட இழுத்துச் செருகிக்கொள்வார்கள். தேவகுமாரி சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு கொம்பை ஒடித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

கட்டிலில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். வலது கையால் கொம்பை வாங்கி, முதலில் மோந்து பார்க்கவில்லை. ஒடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல காய்ப்புக் கொம்பையா புள்ள ஒடிச்ச?"

"ஆமாங்க."

"ஒரு படி பழம் போச்சு," என்றார். பிறகு அதை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

அந்தப் பூ காயாகிப் பழுப்பதற்கு முன்னால், ஆனி மாதத்து மழையில், அவரை அடக்கம் செய்தார்கள். கடைசி நாட்களில் வலிப்பு எதுவும் வரவில்லை. தூக்கத்திலேயே போனார். கார்த்திகையில் ஓடைக்காட்டில் பறிப்பு வந்தபோது, கண்ணம்மாள் ஒடிந்த கொம்புள்ள செடியைத் தானே பறித்து முடித்துவிட்டு, தேவகுமாரியை அடுத்த வரிசைக்கு அனுப்பினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்து தேவகுமாரி பார்த்தது அன்றைக்குத்தான்.

மறு பங்குனியில் ஒரு காலை, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், தேவகுமாரிக்கு வாசம் வந்தது. மூக்கில் சளி இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பக்கத்தில் கேட்டுப் பார்க்க ஆள் இல்லை.

அவள் எழுந்து நின்று வலது கையைத் தூக்கினாள். இடது கையையும் தூக்கினாள். இரண்டும் வந்தன.

"நாகலூரு," என்றாள் சத்தமாக.

பிறகு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "கறி," என்று சொல்லி வைத்தாள். கொஞ்ச நேரம் காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன வார்த்தை என்று கேட்டுக்கொண்டாள். மறக்கவில்லை.

கதவைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போய்ப் பார்க்கக் கிளம்பினாள்.